சுலோச்சனா செய்த சீஸ்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நாகமலை புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த பயிற்சி நிலையத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சீஸ் செய்யக் கற்றுத்தரும் வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். நல்ல பெண். கைச்சுத்தம் உண்டு, பொறுமையும் உண்டு.

"எஸ்தரக்கா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு நாள் வகுப்பை ஒரே நாளா சுருக்கச் சொல்றாங்க. இப்ப எல்லாரும் போன்ல வீடியோ பாத்துட்டுத்தான் வாராங்க. முதல் நாள் பூராவும் பாலைச் சூடு பண்றதுக்கே வச்சிருக்கீங்களே, அதைச் சட்டுன்னு முடிச்சிட்டு நேரா உறை ஊத்துறதுக்குப் போயிரவா?"

கூடாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவதற்கு முன், ஒரு காலத்தில் என் வகுப்பில் கற்ற சுலோச்சனாவிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர். நான் மறைக்கிறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல" என்றார்.

நான் சீஸ் வேலைக்கு வந்ததே தற்செயல். அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க். நானும் அங்கேயே வேதியியல் டீச்சராகி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வேலை கிடைக்கவில்லை. சமயநல்லூர் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணையில் பால் பரிசோதிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கொஞ்ச காலத்திலேயே அங்கே சீஸ் பிரிவு ஆரம்பித்தார்கள், என்னை அதில் போட்டார்கள். அதுவரை நான் சீஸைத் தின்றதே இல்லை. முதல் துண்டை வாயில் வைத்ததும் சோப்பைக் கடித்தது போல இருந்தது. வீட்டில் சொன்னபோது, "இதைச் செய்யத்தான் பி.எஸ்ஸி. படிச்சியா?" என்று அம்மா சிரித்தாள்.

சீஸ் பிரிவுக்குத் தலைவர் கதிரேசன் சார். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். நெட்டை. முதுகு வளையாது. தரையில் கரண்டி விழுந்தால் முழங்காலை மடித்து, உடம்பை நேராக வைத்துக்கொண்டே உட்கார்ந்து எடுப்பார். புதிதாக வருகிறவர்கள் அதைக் கர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்தேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வெளியே போய் வேப்பமரத்தடியில் சற்று நேரம் நிற்பார். திரும்பி வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, "சரி, முதல்ல இருந்து வருவோம்" என்பார். அந்த 'வருவோம்' என்பதில் தப்புச் செய்தவரோடு அவரும் சேர்ந்திருப்பார். திட்டியிருந்தால் நமக்கும் கோபம் வந்து ஆறியிருக்கும். அது ஆறவே ஆறாது.

அவரிடம் கற்ற முறையைத்தான் பிற்பாடு நான் வகுப்பில் சொன்னேன். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு அதில் ஒரே ஒரு இடம்தான் கஷ்டம். அது பாலின் சூடு. காபிக்குக் காய்ச்சுவது போலப் பொங்க விட்டால் அந்தப் பால் சீஸுக்குச் சரியாக உறையாது. கட்டி தளர்ந்து, தொட்டால் குழையும். பச்சைப்பாலாகவே உறை ஊற்றினால் கண்ணாடி போல உறையும். ஆனால் மாட்டின் மடியிலிருந்தும் கறந்தவர் கையிலிருந்தும் என்ன வந்ததோ அத்தனையும் உயிரோடு அதற்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது. அறுபத்து மூன்று டிகிரி. அந்தச் சூட்டில் பாலை அரைமணி நேரம் பிடித்து நிறுத்த வேண்டும். அடிகனமான பாத்திரம், அதற்கு வெளியே வெந்நீர்ப் பாத்திரம், பாலுக்குள் தெர்மாமீட்டர். சூடு கீழே இறங்கினால் அதுவரை நின்ற நேரம் கணக்கில் இல்லை. மறுபடி ஏற்றி, மறுபடி அரைமணி நேரம்.

பிறகு ஆற வைக்க வேண்டும். விரலை விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கிற பதத்தில் உறைமோரைப் போல அதற்கென்று உள்ள உறையைக் கலக்க வேண்டும். சற்றுப் பொறுத்து, ஆறின வெந்நீரில், பாலைக் கட்டியாக்கும் ரென்னெட் சில சொட்டு விட்டு அதையும் கலக்க வேண்டும். அதற்கப்புறம் பாத்திரத்தைத் தொடக்கூடாது. மேஜையை இடிக்கக்கூடாது. "தூங்குற பிள்ளையை எட்டிப் பாக்குற மாதிரிப் பாருங்க, எழுப்பாதீங்க" என்பார் கதிரேசன் சார். முக்கால் மணி நேரம் கழித்துக் கத்தியைச் சாய்வாக இறக்கி மெல்லத் தூக்கினால், கட்டி நேர்கோடாகப் பிளக்க வேண்டும். பிளவில் இளம்பச்சையாகத் தெளிந்த நீர் ஊற வேண்டும். அதுதான் அறிகுறி. அப்புறம் துண்டு போடுவது, மெல்லக் கிளறுவது, மல் துணியில் வடிப்பது, உப்புப் போடுவது எல்லாம் யாருக்கும் வரும்.

அந்தப் பண்ணையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் தொட்டி நிறையப் பால் சூட்டில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் உடனே பிடிக்கவில்லை. மறுபடி ஓடியபோது சூடு எவ்வளவு இறங்கியிருந்தது, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சூட்டைப் பதியும் கருவியும் நின்றுபோயிருந்தது. அதைக் கவனிக்காமல் அடுத்த ஷிப்ட் ஆட்கள் பாலை ஆற வைத்து உறை ஊற்றிவிட்டார்கள். கதிரேசன் சார் வந்து விசாரித்தார். ஏப்ரனைக் கழற்றவில்லை. வேப்பமரத்துக்கும் போகவில்லை. நேராகப் போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். அழகாக உறைந்துகொண்டிருந்த பால் முழுவதும் எங்கள் கண்ணெதிரே சாக்கடைக்குப் போனது.

முதலாளி ஓடி வந்தார்.

"என்ன கதிரேசன், இம்புட்டுப் பாலையும் கொட்டுறீங்க! கெட்டுப்போச்சா?"

"இல்ல சார்."

"நாறுதா? புளிச்சிருச்சா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு. ஆனா சரியாக் காய்ஞ்சதான்னு எனக்குத் தெரியல."

"நல்லாத்தான் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் என்னங்க?"

கதிரேசன் சார் தன் முதுகில் கையை வைத்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வேற ஒரு பண்ணையில பச்சைப்பால் குடிச்சேன் சார். காய்ச்சல் வந்துச்சு. போகும், திரும்ப வரும். மலேரியான்னாங்க, டைபாய்டுன்னாங்க. மாட்டுக்கிட்ட இருந்து வந்த காய்ச்சல்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள முதுகெலும்புல உக்காந்துருச்சு. அந்தப் பாலும் நல்லாத்தான் இருந்துச்சு."

முதலாளி திரும்பிப் போய்விட்டார்.  அவர் கர்வத்தைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரித்த நாங்கள் எல்லாம் தொட்டி கழுவப் போய்விட்டோம்.

அடுத்த வருஷம் சீஸ் பிரிவை மூடினார்கள். அந்தப் பாலுக்காகவா, வியாபாரம் இல்லாததாலா என்று எனக்குத் தெரியாது. கதிரேசன் சாரைக் குளிர்கிடங்குக்கு மாற்றினார்கள். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குக் குளிர்கிடங்கு. சில மாதம் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்துபோனார். பிறகு வரவில்லை. சிவகாசியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் இறந்த செய்தி, எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது என் காதுக்கு வந்தது. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் நான் பயிற்சி நிலையத்துக்கு வந்தேன். ஊறுகாய், ஜாம், கேக் வகுப்புகளுக்கு நடுவில் சீஸ் வகுப்பையும் சேர்த்தார்கள். ஆட்கள் வந்தார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள், கடை வைக்க நினைப்பவர்கள், சும்மா ஆசைக்கு வருபவர்கள். அந்த ஆசைக்காரர்களில் ஒருவராகத்தான் சுலோச்சனா வந்தார்.

திருப்பரங்குன்றம் பக்கம் நெசவாளர் காலனியில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்காரருக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். ஒரே மகள் ஹேமா, கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூரில் இருந்தாள். சுலோச்சனாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடச் சில வயதே இளையவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் சிரிப்பும் பேச்சுமாக இருப்பார். முதல்முறை அவர் கத்தியை இறக்கித் தூக்கியபோது கட்டி நேராகப் பிளந்தது. தன்னையறியாமல் தங்கள் வீட்டு மொழியில் என்னவோ கத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். வெட்கப்பட்டு, "தறியில இருந்து இறக்கின புதுச்சேலையில கத்தரி போடுற மாதிரியே இருக்கு டீச்சர்" என்றார். எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு பாத்திரம் பாலில் கண்ட இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்த பிறகும் செய்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் போட்டோ அனுப்புவார். ஒருநாள் போன் செய்தார்.

"டீச்சர், எங்க ஹேமா முழுகாம இருக்கா. எட்டு வருஷம் கழிச்சு! மசக்கை ஜாஸ்தியா இருக்கு, ஒரு வாய் சோறு இறங்கல. இங்க கூட்டிட்டு வாரேன். நான் செஞ்ச சீஸை ரொட்டியில வச்சுக் குடுத்தா தின்பா. போன தடவை வந்தப்ப அதைத்தான் தின்னா."

"நல்லாப் பாத்துக்கோங்க. பால் சூடு கவனம்" என்றேன். நான் யாருக்கும் சொல்லும் வார்த்தைதான். "அதெல்லாம் சரியாச் செஞ்சிருவேன் டீச்சர்" என்றார்.

அதன்பிறகு கொஞ்ச நாள் போட்டோ வந்தது. ரொட்டித்துண்டும் வெள்ளை வெளேரென்று சீஸும், மேலே மிளகுத்தூளும். அப்புறம் நின்றுவிட்டது. மகளைக் கவனிக்கிறார், நேரமிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் சென்று ஒரு மத்தியானம், வகுப்பு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சுலோச்சனா நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தார். ஆறாம் மாதத்தில் ஹேமாவுக்குக் குழந்தை தங்காமல் போய்விட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஹேமாவுக்கு முதலில் காய்ச்சல் வந்தது. போனது, வந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் வயிற்று வலி. எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாடுகளிடமிருந்து வரும் காய்ச்சல் என்று தெரிந்தது. 'காய்ச்சாத பால் ஏதாவது சாப்பிட்டீங்களா?' என்று கேட்டார்கள்.

"எங்க வீட்ல காபிக்கே பொங்கப் பொங்கத்தான் காய்ச்சுவாங்கன்னு ஹேமா சொன்னா டீச்சர். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாய் வரல."

பாக்கெட் பாலில் செய்ததெல்லாம் கொழகொழவென்று வந்திருக்கிறது. தெர்மாமீட்டர் கை தவறி உடைந்துவிட்டது. பச்சைப்பாலில் செய்தால்தான் அசல் சீஸ், சத்து முழுதாக இருக்கும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சத்து. நிலையூர்ப் பக்கம் ஒரு மாட்டுக்காரரிடம் கறந்த பாலை நேராக வாங்கி, கை பொறுக்கிற சூடு மட்டும் காட்டிச் செய்திருக்கிறார். அது நன்றாக உறைந்தது. ஹேமா ஆசையாகத் தின்றாள்.

"சீஸாலதானா டீச்சர்? இல்லைன்னு சொல்லுங்க."

நான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஹேமா இன்னும் எங்க வீட்லதான் இருக்கா. உங்க நம்பர் வாங்கி வச்சிருக்கா. கேப்பா. சீஸ்ல அதெல்லாம் வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களக் கும்புடுறேன். எட்டு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை டீச்சர். நான்தான்னு தெரிஞ்சா அவ என் முகத்துல முழிக்க மாட்டா."

அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லிவிடத்தான் எனக்கும் தோன்றியது. போன குழந்தை திரும்பாது. தாயும் மகளுமாவது மிஞ்சட்டும் என்று மனம் சொன்னது. அவர் கையைப் பிடித்தேன். சுட்டது. அவருக்கும் காய்ச்சல் இருந்தது. அப்போதுதான் வேறொன்று உறைத்தது.

"நீங்க வேற யாருக்காவது அந்தச் சீஸைக் குடுத்தீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்கு. அப்புறம் எதுத்த வீட்டு ராதிகாவுக்கு. அவ பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும், 'பாட்டி, வெள்ளைக்கட்டி'ன்னு வந்து நிக்கும். பாப்பாவுக்கு..." நிறுத்தினார். "பாப்பாவுக்கு இப்ப காய்ச்சல் டீச்சர். காலை நொண்டுறா. கீழ விழுந்திருப்பான்னு எண்ணெய் தேய்ச்சுட்டு இருக்காங்க."

அதற்குப் பிறகு, மகளிடம் இல்லை என்று சொல்லச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எழுந்து முகம் கழுவினார். பயிற்சி நிலைய வாசலில் ஆட்டோ பிடித்து இருவரும் அவர் தெருவுக்குப் போனோம்.

ராதிகாவின் வீட்டில் கதவைத் திறந்தது அவள் கணவர். உள்ளே கட்டிலில் அந்தப் பெண்குழந்தை படுத்திருந்தது. நான்கு வயதிருக்கும். சுலோச்சனாவைப் பார்த்ததும் எழுந்து வரப் பார்த்து, கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டது. சுலோச்சனா வாசற்படி ஏறவில்லை. கீழே நின்றபடியே சொன்னார்.

"தம்பி, நான் குடுத்த சீஸ் காய்ச்சாத பால்ல செஞ்சது. அதைத் தின்னுதான் ஹேமாவுக்குப் பிள்ளை போச்சு. பாப்பாவுக்கும் அதே காய்ச்சலா இருக்கலாம். ரத்தம் பாருங்க. இதுல இருக்கிற பேரைச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க." என்னிடம் காட்டக் கொண்டுவந்திருந்த ஹேமாவின் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார்.

அந்த மனிதர் தாளை வாங்கிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"உங்க வீட்ல கண்டதையும் செஞ்சு ஊருக்கு விநியோகம் பண்ணுவீங்களா? நாங்க கேட்டமா? எம்புட்டு நாளா இந்தப் பிள்ளை கிடந்து துடிக்குது, இப்ப வந்து சொல்றீங்க!"

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் நடுவில் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சுலோச்சனா என் கையை விலக்கினார். அந்த மனிதர் கத்தி முடிக்கும் வரை தலை குனிந்து நின்றார். பிறகு, "திட்டுங்க தம்பி. ஆனா இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. என் மகளுக்குப் பாத்த டாக்டரம்மா இருக்காங்க, நான் போன்ல சொல்லிர்றேன்" என்றார். ராதிகா உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தாள்.

அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த அம்மா, "எங்களுக்கு அந்த வாசமே ஆகல, கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல, அப்பவே கொட்டிட்டோம்" என்றார். சுலோச்சனா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் மாட்டுக்காரரிடம் போனோம். பாவம், அந்த மனிதர் மாதக்கணக்காக உடம்பு வலியோடு நடமாடிக்கொண்டிருந்தார். கூலி வேலையால் வந்த வலி என்று நினைத்திருக்கிறார். "முன்னால ஒருக்க இந்த மாடு கன்னு வீசிருச்சு, அது எப்பயும் நடக்கிறதுதானம்மா" என்றார். சினைக்காலத்தில் கன்று கலைந்து விழுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இந்த நோய்க்கு அதுதான் பெரிய அடையாளம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து மாட்டைத் தனியே கட்டச் சொன்னார். மாட்டுக்காரரும் சுலோச்சனாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நான் சொல்லத் தயங்குவது அந்த முதல் நாள் சாயங்காலத்தைத்தான்.

தெருவெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றார் சுலோச்சனா. "நீங்க கூட இருங்க டீச்சர்" என்றார். நான் நிலைப்படியிலேயே நின்றேன். ஹேமா ஹாலில் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் நடந்த சத்தம் அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சுலோச்சனா அவள் எதிரே தரையில் உட்கார்ந்து தங்கள் மொழியில் பேச ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. சீஸ் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. மெதுவாக, மறைக்காமல் சொல்லிக்கொண்டே போகிறார் என்பது குரலில் தெரிந்தது. ஹேமா அசையாமல் கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். தமிழில் பேசினாள்.

"டாக்டர் கேட்டப்ப நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க?"

சுலோச்சனா தலையாட்டினார்.

"நான் இல்லன்னு சொன்னேன். நீங்க கேட்டுட்டு நின்னீங்க. தெரியாமச் செஞ்சு குடுத்ததை நான் என்னைக்காவது மறந்துருவேன்மா. அன்னைக்கு வாயை மூடிட்டு நின்னீங்கள்ல, அதை எப்பிடி மறக்கிறது?"

அம்மாவிடம் தமிழில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சொற்கள் தட்டுத்தடுமாறி வந்தன. நானும் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படிப் பேசினாளா, அம்மாவை வெளியாளாக நிறுத்துவதற்காகப் பேசினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.  சுலோச்சனா மகளின் காலைத் தொடப் போனார். ஹேமா காலை இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மாப்பிள்ளை வந்து ஹேமாவைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

ராதிகாவின் குழந்தைக்கு அதே காய்ச்சல்தான். நல்லவேளை, மருந்து கேட்டது. வாரக்கணக்கில் மாத்திரையும் ஊசியுமாக இருந்தது. இப்போது ஓடியாடுகிறது. ஆனால் அந்த வீட்டுக் கதவு சுலோச்சனாவுக்குத் திறப்பதில்லை. குழந்தை தெருவில் விளையாடும்போது ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

உடம்பு தேறியதும் என்னிடம் வந்தார்.

"உங்க வகுப்புக்கு வாரேன் டீச்சர்."

"மறுபடியுமா? எதுக்கு?"

"கத்துக்க இல்ல. முதல் நாள் வந்து நடந்ததைச் சொல்லிட்டுப் போயிர்றேன்."

வேண்டாம் என்றேன். புண்ணைக் கீறிக் காட்ட வேண்டியதில்லை என்றேன். கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும் வந்தார். நான் பாலை அடுப்பில் வைத்துத் தெர்மாமீட்டரை இறக்கியதும் எழுந்து நிற்பார். அதிகம் பேச மாட்டார். "நான் காய்ச்சாத பால்ல சீஸ் செஞ்சேன். என் மகளுக்கு வயித்துல இருந்த பிள்ளை போயிருச்சு. டீச்சர் சொல்ற சூட்டைக் கேட்டுக்கோங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவார். பால் அந்தச் சூட்டில் நிற்கும் அரைமணி நேரமும் வகுப்பில் சத்தமே இருக்காது. ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண், "உங்க மக இப்ப எப்பிடி இருக்காங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள். "நல்லா இருக்கான்னு அவ அப்பா சொல்றாரு" என்றார் சுலோச்சனா.

ஹேமாவிடமிருந்து அப்பாவுக்கு மட்டும் போன் வரும். சுலோச்சனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். போனை வாங்கிப் பேச முயன்றதில்லை.

போன ஆவணியில் சுலோச்சனாவின் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். ஹேமா வந்தாள். காலையில் வந்து சாயங்காலமே கிளம்புவதாக ஏற்பாடு. மண்டபத்தில் மணையில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா கல்யாணப்பெண் போல இல்லை, பரீட்சை எழுதப் போகிறவர் போல இருந்தார். ஹேமா எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, எல்லா வேலையும் செய்து, அம்மா பக்கம் மட்டும் திரும்பாமல் நடமாடிக்கொண்டிருந்தாள்.  பந்திக்கு நிற்காமல், யாரிடமும் சொல்லாமல் நான் புறப்பட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சுலோச்சனா என் வீட்டுக்கு வந்தார்.  நான் காபி போட எழுந்தபோது சொன்னார்.

"சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தா டீச்சர். பையை எடுக்க. எல்லாரும் மண்டபத்துல இருந்தாங்க, நான் மட்டும்தான் அடுப்படியில. பால் இருக்கு, குடிக்கிறியான்னு கேட்டேன். நின்னா. போயிருவான்னுதான் நினைச்சேன். 'காய்ச்சினதா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மத்தியானமே காய்ச்சினதுதான் டீச்சர். ஆனா ஆமான்னு சொல்ல எனக்கு நாக்கு எழல. நான் சொல்லி அவ எப்பிடி நம்புவா? பாத்திரத்தைத் திரும்ப அடுப்புல வச்சேன். அவ பாக்கிற மாதிரித் தள்ளி நின்னுக்கிட்டேன். பொங்கி மேல வந்துச்சு. அணைச்சேன். திரும்பப் பத்த வச்சேன். திரும்பவும் பொங்குச்சு. அவ நிலைப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு சொல்லவேயில்ல."

சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆத்திக் குடுத்தேன். பாதி குடிச்சா. தம்ளரை என் கையிலதான் குடுத்தா டீச்சர், கீழ வைக்கல. மீதியை நான் குடிச்சேன்."